உப்பு நகரில் ஓலைச்சுவடிகள்

ஜேர்மனிக்குப் போய்வரும் எம்மவர்கள், பெர்லினைப் பார்த்தோம், கொலோன் நகரத்து வானளாவிய தேவாலயத்தைப் பார்த்தோம், றைன் நதியிற் படகேறினோம் என்று ஊர்திரும்பிச் சொல்லுவார்கள். ஹாலே நகரைப் பார்த்தோம் என்று சொன்னவர் எவரையும் நாம் இதுகாறும் சந்தித்ததில்லை. அவ்வூர் பெர்லினுக்குத் தெற்கே, சாலே என்னும் ஆற்றின் கரையில், முன்னாட் கிழக்கு ஜேர்மனியின் பகுதியில் இருக்கின்றது. இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழ்கின்றனர். சுற்றுலாச் செல்வோர் பெரும்பாலும் அதனைத் தாண்டி லைப்சிக் நகருக்கோ வைமாருக்கோ போய்விடுகின்றனர். ஆயினும் தமிழெழுத்துக்கு அச்சு வார்க்கப்பட்ட ஊர் அது. தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில் விளக்கும் நூலொன்று 1716இல் அச்சேறிய ஊரும் அதுவே. கல்லூரியில் மாணவருக்கு அச்சுக்கலை வரலாற்றை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெயரை உச்சரித்து வந்த எமக்கு, அவ்வூரை ஒருமுறை கண்ணாற் காணவேண்டும் என்னும் அவா நெடுநாளாக இருந்தது.

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகச் சென்றிருந்தபோது அதற்கு வாய்ப்புக் கிட்டியது. எம்முடன் வந்தவர் எமது ஊரவர், வயதில் எமக்கு மிகவும் மூத்தவர். அண்ணை என்றே அழைப்போம். 1985ஆம் ஆண்டிலிருந்து ஜேர்மனியில் வாழ்கின்றார். உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவி, பின்னர் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்கி, இப்பொழுது ஓய்வுபெற்றிருக்கின்றார். அவர் ஹாலேக்கு வர உடன்பட்டதற்குத் தனிக் காரணம் ஒன்றிருந்தது. அதனை அவர் முதலிற் சொல்லவில்லை.

ஒக்டோபர் மாதத்துக் காலை. பெர்லினிலிருந்து புகையிரதம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடியது. இருபுறமும் அறுவடை முடிந்த தட்டையான வயல்கள். அவற்றினிடையே வெள்ளைக் காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. யன்னலோரத்தில் இருந்த அண்ணை மெல்லச் சொன்னார்: "மாஸ்டர், இந்தப் பக்கத்து மண்ணிலைதான் நான் முதலிலை கால் வைச்சனான். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாறன்."

இது இளைய வாசகர்களுக்குப் புதுமையாக இருக்கலாம். எண்பதுகளின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டு வெளியேறிய எமது இளைஞர் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் விமான நிலையத்தில் வந்திறங்கினர். அங்கிருந்து நகரப் புகையிரதத்திலேறி மேற்கு பெர்லினுக்குப் போய்விடலாம். மேற்கு ஜேர்மனி அந்த எல்லையை ஒரு நாட்டெல்லையாக ஒப்புக்கொள்ளவில்லையாதலால் அங்கே கடவுச்சீட்டைச் சோதிப்பார் இல்லை. உலகத்தையே இரண்டாகப் பிரித்த மதில் ஒன்று, அதற்கு எவ்வகையிலும் சம்பந்தமில்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாயிலாக அமைந்தது! 1985இலேயே அந்த வழியை அடைக்கத் தொடங்கிவிட்டனர். அண்ணை அதற்குச் சில மாதங்கள் முந்திக்கொண்டார்.

ஹாலேயில் ட்ராம் வண்டிகள் நிறைய ஓடுகின்றன. மின்சார ட்ராம் அங்கே 1891இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் நடந்தே பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். புகையிரத நிலையத்திலிருந்து நகரின் நடுச் சந்தைவெளிக்கு லைப்சிக் வீதி நேராகச் செல்கின்றது. வாகனங்கள் நுழையாத வீதி. தொடக்கத்திலுள்ள கடைகள் பல பூட்டிக் கிடந்தன. மேன்மாடங்களிலும் திரைச்சீலையில்லாத யன்னல்கள். 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றுசேர்ந்தபோது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த மக்கட்டொகை, தொழிற்சாலைகள் மூடப்பட்டு இளையோர் மேற்குக்கு வேலை தேடிப் போனமையாற் குறைந்துவிட்டது. "இஞ்சையும் சனம் விட்டிட்டுப் போயிருக்கு" என்றார் அண்ணை. வேறொன்றும் சொல்லவில்லை.

சந்தைவெளியை அடைந்ததும் மனம் மலர்ந்தது. அகன்ற கற்றளம், நடுவே 84 மீற்றர் உயரமான செங்கோபுரம் தனித்து நிற்கின்றது. 1418இலே தொடங்கி 1506இலே முடித்தார்களாம். அதில் 76 மணிகள் தொங்குகின்றன. அவை கூடி ஒலிக்கும்போது இசையாகவே கேட்கின்றது. மேற்குப் பக்கத்திலுள்ள சந்தைத் தேவாலயத்துக்கு நான்கு கோபுரங்கள். அதன் கதை சுவையானது. அருகருகே இருந்த இரண்டு பழைய தேவாலயங்களைப் பதினாறாம் நூற்றாண்டில் இடித்தவர்கள், கோபுரங்களை மட்டும் இடியாமல் விட்டு, இரண்டு சோடிக் கோபுரங்களுக்கும் நடுவே புதிய மண்டபத்தைக் கட்டிவிட்டனர். செங்கோபுரத்தையும் சேர்த்து ஐந்து கோபுரங்களுடைய நகர் என்று ஊரவர் பெருமை பேசுவர். மார்ட்டின் லூதர் 1546இற் காலமானபோது அவருடலை விற்றன்பேர்க் நகருக்குக் கொண்டுசெல்லும் வழியில் இங்கே ஓரிரவு வைத்திருந்தார்கள். அப்பொழுது அவர் முகத்திலும் கைகளிலும் எடுத்த மெழுகு அச்சு இன்றும் தேவாலயத்தில் இருக்கின்றது. எமக்கு அதனை நெடுநேரம் பார்த்திருக்க மனம் வரவில்லை.

சந்தைவெளியில் நிற்கும் சிலை இசைமேதை ஹெண்டலுடையது. அவர் 1685 பெப்ரவரி 23ஆந் தேதி இவ்வூரிற் பிறந்தார். இந்தத் தேவாலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றார். இலண்டனில் வாழ்ந்து மறைந்தவருக்கு, மறைந்த நூறாவது ஆண்டாகிய 1859இற் பிறந்த ஊரார் சிலை எடுத்தனர். 1702இற் பதினேழு வயதில் இவ்வூர்ப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவர், அடுத்த ஆண்டு இசையை நாடி ஹம்பேர்க் நகருக்குப் போய்விட்டார். அதே 1703இலேதான், நாம் தேடி வந்த கதையின் நாயகர் சீகன்பால்கு என்னும் மாணவர் கல்வி கற்க ஹாலேக்கு வந்தார். அந்தச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறந்ததும் ஒரு பெப்ரவரி 23ஆந் தேதியே, ஆண்டு 1719. பஞ்சாங்கம் இப்படியும் சில விளையாட்டுக்களைச் செய்கின்றது.

தேவாலயத்தின் பின்புறத்துப் படிகளால் இறங்கினால் ஹால்மார்க்ட் என்னும் தாழ்ந்த வெளி. நகரம் பிறந்தது இங்கேதான். நிலத்தடியிலிருந்து ஊறிய உவர்நீரை இறைத்து, கொப்பரைகளிற் காய்ச்சி உப்பெடுத்தார்கள். 'ஹாலே' என்னும் பெயரையே உப்போடு தொடர்புபடுத்துவார் உளர். எமது ஆனையிறவில் வெயில் செய்யும் வேலையை இங்கே விறகு செய்யவேண்டியிருந்தது. அதனால் உப்பு விலையுயர்ந்த பண்டமாயிற்று, நகரும் செல்வம் பெற்றது. உப்புக் காய்ச்சிய தொழிலாளரை 'ஹலோரன்' என்பர். அவர்களுக்கென்று தனிச் சங்கமும், வெள்ளிப் பொத்தான்கள் வைத்த உடையும், பழைய உரிமைகளும் உண்டு. இன்று அந்தப் பெயர் உருண்டைச் சொக்கலேற் ஒன்றுக்கு வழங்குகின்றது. 1804இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையே ஜேர்மனியில் இன்றும் இயங்குபவற்றுள் மிகப் பழையது என்கின்றனர். உப்பிலே பிறந்த பெயர் இனிப்பிலே முடிந்திருக்கின்றது. அண்ணை பேரப்பிள்ளைகளுக்கென்று இரண்டு பெட்டி வாங்கினார்.

இந்நகர் இரண்டாவது உலகப்போரிற் பெரிதாக அழியாது தப்பியது. அதனாற் பழைய தெருக்கள் பழையனவாகவே இருக்கின்றன. தெற்கு நோக்கி நடந்தால் பழைய சந்தை என்னும் சிறுவெளியில் கழுதையோடு நடக்கும் சிறுவனின் சிலையமைந்த நீரூற்று. பேரரசன் வருகின்றான் என்று ஊரார் தெருவெல்லாம் றோசாப்பூப் பரப்பிக் காத்திருந்தார்களாம்; அரசன் வேறு வழியாற் போய்விட, பூவின்மேல் மிதித்து வந்தவன் கழுதையோட்டும் ஆலைக்காரப் பையனாம். கதை உண்மையோ பொய்யோ, அரசனுக்குச் சிலை வைக்காமற் கழுதைக்கு வைத்த ஊரவரை எமக்குப் பிடித்துவிட்டது. அங்கிருந்து செல்லும் வீதியின் கற்களினிடையே ஆங்காங்கே பித்தளைத் தகடு பொதிந்த சிறு கற்கள் மின்னுகின்றன. அவ்வவ் வீட்டில் வாழ்ந்து, நாசி ஆட்சியிற் கொல்லப்பட்ட யூதரின் பெயரும் ஆண்டும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. வாசிப்பதற்குத் தலைகுனிய வேண்டும். அந்தத் துன்பம் பழங்கதையாகிவிட்டது என்று இவ்வூரார் எண்ணிவிட முடியாது. 2019 ஒக்டோபர் 9ஆந் தேதி யூதரின் புனித நாளன்று ஒருவன் துப்பாக்கியோடு இந்நகர்த் தொழுகைக்கூடத்தை உடைத்து நுழைய முயன்றான். மரக்கதவு அவனைத் தடுத்துவிட்டது. வீதியாற் சென்ற பெண்ணொருத்தியையும் உணவுக்கடையிலிருந்த இளைஞன் ஒருவனையும் அவன் கொன்றான். அண்ணை அந்நாளில் வேலைத்தலத்து வானொலியிற் செய்தி கேட்டதாகவும், அன்று மாலை புகையிரதத்தில் வீடு திரும்பும்போது தமக்கெதிரே இருந்தவரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டதாகவும் சொன்னார்.

வீதி முடியுமிடத்தில் ஒரு பெரிய மேம்பாலம் குறுக்கிடுகின்றது. 1960களின் பிற்பகுதியிற் கிழக்கு ஜேர்மன் அரசு கட்டியது. அதனை ஒட்டினாற்போல் வெளிர்நிறமான நெடிய கட்டடம். முகப்பின் உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கும் சிற்பம். இதுவே நாம் தேடி வந்த பிராங்கே நிலையம்.

அவுகுஸ்ற் ஹேர்மன் பிராங்கே என்பவர் இந்நகர்ப் புறத்தில் ஏழைக் குடியானவரின் பங்குக் குருவாகவும், 1694இல் எழுந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். 1695இல் அவருடைய உண்டியலில் ஒருவர் 4 தாலரும் 16 குறோஷனும் இட்டார். அந்தப் பணத்திற் புத்தகம் வாங்கி, தெருப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர ஒரு மாணவனை அமர்த்தினார். மூன்று ஆண்டுகளில் அநாதை இல்லத்துக்கு அத்திவாரம் இட்டார். அச்சுக்கூடம், புத்தகக்கடை, மருந்துச்சாலை ஆகியவற்றை வைத்து அவற்றின் வருவாயாலும் கொடையாலும் இல்லத்தை நடத்தினார். 1727இல் அவர் இறந்தபோது அங்கே 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தனர். உள்ளே நுழைந்ததும் தெருவைப் போல் நீண்டு கிடக்கும் முற்றமும், அதன் ஓரத்தில் மரச்சட்டத்தாற் கட்டிய ஆறடுக்கு நீள்மனையும் தோன்றுகின்றன. நூறு மீற்றருக்கு மேல் நீளமான அந்த மனையைப் போல் மரச்சட்டக் கட்டடம் ஐரோப்பாவிற் காண்பதரிது. கல்லூரி ஆசிரியருக்கு இயல்பாக எழும் கேள்வி எமக்கும் எழுந்தது: இத்தனை பிள்ளைகளுக்கும் நாள்தோறும் பாண் எங்கிருந்து வந்தது? விடை அந்த மருந்துச்சாலையிலும் அச்சுக்கூடத்திலும் இருக்கின்றது. பக்தி மட்டும் இருந்திருந்தால் மனை இவ்வளவு நீண்டிராது.

1946இல் இந்த நிலையம் கலைக்கப்பட்டது. பராமரிப்பின்றிக் கூரைகள் ஒழுகின, சுவர்கள் சரிந்தன. 1990இன் பின்னரே மீண்டும் உயிர்பெற்றது. இன்று பாடசாலைகளும் பல்கலைக்கழகப் பிரிவுகளும் அங்கே இயங்குகின்றன. நாம் சென்ற வேளை இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடினர். அவர்களினூடே புகுந்து மேன்மாடத்துக்கு ஏறினோம்.

கூரையின் கீழுள்ள அந்த அறையைக் கலைப்பொருள், இயற்கைப்பொருட் கூடம் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் எப்படி இருந்ததோ அப்படியே, வண்ணந்தீட்டிய உயரமான அலுமாரிகள் வரிசையாக நிற்கின்றன. முகட்டில் ஒரு முதலை தொங்குகின்றது. சங்கு, பவளம், பாம்புத்தோல், மெழுகு உருவம், பாதரட்சை, கோள்கள் சுழலும் பெரிய மரச்சாதனம் என ஏறக்குறைய 3,000 பொருள்கள். அநாதைப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவதற்காகத் தொலைநாடுகளுக்குப் போனவர்களிடமிருந்து வரவழைத்தவை. எழுத்துமுறைகளுக்கென்று வைத்த அலுமாரியின் முன் அண்ணை நின்றுவிட்டார். கண்ணாடிக்குள்ளே பழுப்பேறிய பனையோலைகள். அதன்மேல் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கும்படி குனிந்து, "ககரம்... மாஸ்டர், இது எங்கடை ககரம்" என்றார்.

கதையைச் சற்றுப் பின்னுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். டென்மார்க் அரசன் நான்காம் பிறெடெறிக் தனக்குரிய தரங்கம்பாடிக் கோட்டைக்குப் பாதிரிமாரை அனுப்ப விரும்பியபோது, பிராங்கேயின் மரபிற் பயின்ற சீகன்பால்குவும் புளூட்சோவும் போனார்கள். 1706 ஜூலை மாதத்தில் கரையேறியபோது சீகன்பால்குவுக்கு ஏறக்குறைய 24 வயது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி படித்தார். ஏறக்குறைய இரண்டாண்டுகளில் தமிழேடுகளைத் தேடித் தொகுத்து அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். திருக்குறள், சிவவாக்கியம் முதலாகத் தமிழ் நூல்கள் 119 அதிற் குறிக்கப்பட்டுள்ளன. ஏடுகளை எப்படிப் பெற்றார் என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கின்றார்: ஆட்களை ஊரூராக அனுப்பி, கற்றோரின் விதவைகளிடம் மலிவாக வாங்குவித்தாராம். இதை வாசிக்கும்போது எமக்கு நெஞ்சு உறுத்துகின்றது. கணவனுடைய கல்வி முழுவதும் ஒரு கட்டாகக் கிடக்க, அரிசி வாங்குவதற்காக அதை எடுத்துக் கொடுத்த பெண்களின் பெயர்களைப் பட்டியல் சொல்லவில்லை.

அச்சின் கதை இன்னும் சுவையானது. தமிழில் அச்சு நூல் 1578இலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. ஆயினும் அந்த முயற்சி தொடரவில்லை. தரங்கம்பாடியார் எழுத்துக்களை வரைந்து ஹாலேக்கு அனுப்பினர். தமிழ் ஒருசொல்லும் அறியாத கொல்லர் அவற்றைப் பார்த்து அச்சு வார்த்தனர். 1713இல் எழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. மிகப் பெரியவை! ஒரு சிறு நூலுக்கும் கட்டுக்கட்டாகக் கடதாசி வேண்டியிருந்தது. கடதாசியோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆகவே, பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கிச் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்துக்கொண்டனர். 1715இற் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதே காலத்திற் சீகன்பால்கு ஐரோப்பாவுக்கு வந்து திரும்பினார். அவரோடு மலையப்பன் என்னும் தமிழிளைஞரும் வந்தார். கடற்பயணத்தில் எழுதப்பட்ட இலக்கணமே இங்கே 1716இல் அச்சானது. இந்த முற்றத்துக் குளிரில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, தமிழ் பேசிய ஒருவர் நடந்திருக்கின்றார் என்று சொன்னபோது அண்ணை சிரித்தார். "அவருக்கு மேற்சட்டை ஆர் குடுத்திருப்பினம்?" என்று கேட்டார். முப்பத்தெட்டு மாரிகளுக்கு மேற் கண்டவருடைய கேள்வி அது.

மதிய உணவுக்கு உருளைக்கிழங்குச் சூப்பும் கறுத்தப் பாணும் கிடைத்தன. சூப்பில் இறைச்சித் துண்டு இல்லையென்று அண்ணை மூன்றுமுறை கேட்டு உறுதிசெய்த பின்னரே எம்மிடம் கோப்பையை நீட்டினார்.

பிற்பகலிற் சுவடிச்சாலைக்குச் சென்றோம். நாம் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்தோம். அருகேயுள்ள நூலகக் கட்டடம் 1728இல் முடிந்தது. புத்தகத் தட்டுக்கள் நாடக மேடையின் பக்கத்திரைகள் போல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அழகிய மண்டபம். வாசிகசாலையில் அமர்ந்த எம்முன் அலுவலர் ஒருவர் கடதாசிப் பெட்டியொன்றைக் கொணர்ந்து மெத்தென்ற விரிப்பின்மேல் வைத்தார். உள்ளே முழத்துக்குச் சற்றுக் குறைந்த ஓலைகள். பேசுவது அங்கே வழக்கமில்லை. அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

அப்பொழுதுதான் அவர் வந்த காரணத்தை நாம் அறிந்தோம். அவருடைய பாட்டனார் பரியாரியார். வீட்டுப் பரணில் ஏட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. வாகடங்கள், சோதிடம், சில பதிகங்கள். சிறுபிள்ளையாகப் பாட்டனாரின் அருகிலிருந்து, ஏட்டுக்கு மஞ்சளும் கரியும் கோவையிலைச் சாறும் தேய்த்து எழுத்தைத் துலங்கவைப்பது அவர் வேலை. பாட்டனார் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் எழுத்தாணி தங்குவதற்கு ஒரு வெட்டு வைத்திருந்தாராம். 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, முதிர்ந்த தாயார் பத்திரங்களையும் ஒரு பையிலே உடுப்பையும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். பெட்டி பரணிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, பரணும் இல்லை.

ஆனால் எம்முன் வைத்திருந்தது வாகடம் அன்று. கிறித்தவ உபதேசம். புள்ளி இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, ரகரமும் காலும் ஒரே வடிவம், குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. அண்ணை ஓலையைத் தொடாமல், விரலை அதற்கு மேலே காற்றில் நகர்த்தி, எழுத்துக்கூட்டி வாசித்தார். நெடுநேரத்தின் பின் ஒரு சொல் பிடிபட்டது: 'சருவேசுரன்'. நாம் மெல்லிய குரலில், "இது பாதிரிமாரின் பாடம், அண்ணை" என்றோம். அவர் ஏமாந்துவிடுவாரோ என்று எமக்கு அச்சம். அவர் தலையை அசைத்தார். "பாடம் ஆற்றை எண்டாலும் இருக்கட்டும். இது எழுதின கை எங்கடை கை. ஓலையைத் திருப்பிற இடத்திலை எழுத்தைச் சின்னனாக்கியிருக்கிறார், பாருங்கோ. அப்பப்பாவும் இப்பிடித்தான்."

உண்மைதான். பாதிரியார் வாயாற் சொல்ல, ஓலையில் எழுதியவன் கூலிக்கு அமர்ந்த தமிழ் எழுத்துக்காரன். அவன் திருநீறு பூசியவனாகவே இருந்திருக்கலாம்.

மருத்துவம் பற்றியும் இங்கே ஒன்று உண்டு. சீகன்பால்குவின் தோழர் குறுண்ட்லர் என்பவர் 1711இல் தமிழ் மருத்துவ ஏடுகளிலிருந்து திரட்டி 'மலபார் மருத்துவன்' என்று பொருள்படும் நூலொன்றை ஜேர்மன் மொழியில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அக்காலத்தில் அது அச்சாகவில்லை. இதை அண்ணைக்குச் சொன்னோம். நோய்களின் பெயரும் நாடி பார்க்கும் முறையும் அதில் இருக்கின்றனவா என்று கேட்டார். இருக்கின்றன என்றோம். பரியாரியாரின் பேரன் ஜேர்மன் மொழியைக் கற்றது தொழிற்சாலைக்காக. அந்த மொழியிலேயே பாட்டனாரின் கலை காத்திருக்கின்றது. ஆனால் அந்தப் பழைய கையெழுத்தை இன்றைய ஜேர்மானியருக்குள்ளும் பயிற்சியுள்ளவர்களே வாசிக்க வல்லார்.

சைவ மரபிலே வளர்ந்த எம்போன்றோருக்கு இந்தக் கட்டடத்தை மனத்தடையின்றிப் போற்ற முடியாது. இங்கிருந்து புறப்பட்டவர்களின் நோக்கம் எமது முன்னோரின் வழிபாட்டை ஒழிப்பதே. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. ஆயினும் ஒழிக்க வந்தவன் படிக்க வேண்டியிருந்தது, படித்தவன் வியந்தான். சீகன்பால்கு தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெருநூல் எழுதி அச்சிடுமாறு அனுப்பினார். பிராங்கே இசையவில்லை. உம்மை அனுப்பியது அஞ்ஞானத்தைக் களைவதற்கேயன்றி, அதை ஐரோப்பாவிற் பரப்புவதற்கன்று என்பது அவருடைய கருத்தாம். 1867இலேதான் அந்நூல் சென்னையில் அச்சாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல்! எமக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: வேண்டாமென்று மறுத்தவர்கள் அதை எரித்துவிடவில்லை. இலக்கமிட்டு அடுக்கி வைத்தார்கள். தரங்கம்பாடியிலிருந்த தமிழரிடம் கேள்விகள் விடுத்துப் பெற்ற 99 கடிதங்களையும் மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். எமது சமயத்துக்காக வாதாடிய அக்கால மனிதரின் குரல் அவர்களை மறுத்தவர்களின் கையாலேயே எமக்குக் கிடைக்கின்றது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர்; பின்னர் 1848இற் சைவப் பாடசாலையும் 1849இல் அச்சுக்கூடமும் கண்டார். பள்ளிக்கூடமும் மருங்கே அச்சுக்கூடமும் என்னும் அந்த அமைப்பை நாம் ஹாலேயின் முற்றத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டோம். படைக்கலம் வந்த வழி இது. அதை எடுத்துத் திருப்பிப் பிடித்த வீரம் வண்ணார்பண்ணையுடையது. இங்கே தமிழ் படித்துப் புறப்பட்ட சுவார்ட்ஸ் என்னும் பாதிரியார் 1760இல் இலங்கைக்கும் வந்திருக்கின்றார்; ஆகவே இந்த ஊரின் காற்று எமது கரையிலும் வீசியதே.

ஏடுகள் ஊரிலேயே இருந்திருந்தால் நன்றல்லவா என்று வாசகர் கேட்பர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டைக் கட்டவிழ்க்கும்போதே ஓரம் ஒடிந்து உதிர்வதைக் கண்டு புலம்பியவர்; செல்லுக்கும் ஈரத்துக்கும் எமது ஊரில் ஏடு தப்புவது அரிது. மனிதரிடமிருந்து தப்புவது அதனினும் அரிது. 1981 மே 31ஆந் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஏடுகளும் சாம்பலாயின. நாம் வாசித்தறிந்ததை அண்ணை கண்டவர். மறுநாட் காலை சைக்கிளிற் போய்ப் பார்த்தாராம். ஜேர்மானியரைப் புத்தகம் காத்த புண்ணியவான்கள் என்று ஒரேயடியாகச் சொல்லவும் நாம் ஒருப்படோம். 1933 மே மாதத்தில் இந்நாட்டின் பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் மாணவர்களே நூல்களைத் தீயிலிட்டனர். ஹாலேயும் அதற்கு விலக்கன்று. மாலையிற் பல்கலைக்கழகத்தின் முன்னே, இரண்டு சிங்கச் சிலைகள் காக்கும் படிக்கட்டில் அமர்ந்து நாம் இதைச் சொன்னபோது, அண்ணை இளைப்பாறுவதற்காகக் கழற்றிய சப்பாத்தை மீண்டும் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பொழுது சாய ஒரு மணி நேரம் இருந்தது. வரலாற்றுக்கு முந்திய காலத்துப் பொருட்சாலையில் நேப்ராத் தகட்டைப் பார்த்துவிட்டே போவது என்று விரைந்தோம். முப்பத்திரண்டு சென்ரிமீற்றர் அகன்ற வெண்கல வட்டம். ஏறக்குறைய 3,600 ஆண்டுப் பழமை. 1999இற் களவாகத் தோண்டியவர்கள் எடுத்து விற்க, 2002இற் சுவிற்சர்லாந்தில் மீட்டனர். பாசியேறிய நீலப்பச்சை வானில் பொன்னாற் பிறை, பெரிய வட்டம், சிதறிய விண்மீன்கள். அவற்றினிடையே ஏழு புள்ளிகள் மட்டும் நெருங்கி ஒரு கொத்தாக இருக்கின்றன. கார்த்திகை! எமது பழம்புலவர் அறுமீன் என்றனர். இந்நாட்டு உழவர் ஏழு கண்டிருக்கின்றனர். கண்பார்வையில் அவர்கள் ஒன்று கூட வைத்தார்கள் என்று அண்ணை வழக்கத் தீர்ப்பு வழங்கினார். அந்த இருட்டறையில் வெகுநேரம் நிற்கலாம். ஆனால் மூடும் மணி அடித்துவிட்டது.

நிலையத்துக்குத் திரும்பும்போது மேம்பாலத்தில் வாகன விளக்குகள் வரிசையாக ஓடின. பிராங்கே மனையின் கழுகுகள் இருளில் மறைந்துவிட்டன. அண்ணை சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பின்னர், "மாஸ்டர், ஊரிலை இப்ப ஓலை வாரிப் பதப்படுத்தத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். சாவகச்சேரிப் பக்கத்தில் முதியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்வி என்றோம். அப்படியானால் பத்து ஓலையும் ஓர் எழுத்தாணியும் அனுப்பிவைக்கும்படி சொன்னார். மூத்த பேத்திக்குப் பன்னிரண்டு வயதாம்; தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் அழுதுகொண்டு போகின்றாளாம். கடதாசியில் எழுதச் சொன்னால் மாட்டேன் என்பவள், ஓலையில் என்றால் வேடிக்கைக்காகவேனும் எழுதிப் பார்ப்பாள் என்பது அவர் கணக்கு. பெருவிரல் நகத்தை வளர்க்கவேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லையாம்.

ஊர் வந்த மறுவாரமே சாவகச்சேரிக்குப் போனோம். முதியவர் இருக்கின்றார். ஓலை மழைக்கு முன்னர் வெட்டியிருக்க வேண்டும், இனிச் சித்திரைக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.